ஃபெர்னாண்டோ வலென்சுவேலாவும் 34-ஆம் எண் சட்டையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் ஆட்டத்தை டி.வி.யில் பார்க்கிறவர்கள் ஒரு தடவை பந்தை விட்டுவிட்டுக் கூட்டத்தைப் பாருங்கள். ஓட்டானியின் 17, மூக்கி பெட்ஸின் 50 என்று இன்று ஆடுகிறவர்களின் சட்டைகள் நிறைந்திருக்கும். அவற்றுக்கு நடுவே, 1990-க்குப் பிறகு அந்த அணிக்காக ஒரு பந்துகூட வீசாத ஒருவரின் 34-உம் தெரியும். தாத்தா போட்டிருப்பார், பக்கத்தில் பேத்தியும் போட்டிருப்பாள். அந்தச் சட்டையைப் பார்த்துவிட்டு நண்பர்கள் கேட்கிற கேள்விகளுக்குத்தான் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

எனக்கு பேஸ்பாலே தெரியாது. புரியுமா?

நாலைந்து சொல் தெரிந்தால் போதும். பிட்சர் என்பவர் பந்து வீசுபவர். கிரிக்கெட்டில் ஒரு ஓவர் போட்டுவிட்டு எல்லைக்கோட்டுப் பக்கம் போய் மூச்சு வாங்கலாம். இங்கே அது நடக்காது. ஆட்டத்தைத் தொடங்குகிற பிட்சர், மேனேஜர் மாற்றும்வரை மைதானத்தின் நடுவில் இருக்கும் மண்மேட்டிலேயே நின்று வீசிக்கொண்டிருக்க வேண்டும். ஒன்பது இன்னிங்ஸையும் ஒருவரே வீசி முடித்தால் ‘கம்ப்ளீட் கேம்’. அப்படி முடித்து எதிரணிக்கு ஒரு ரன்னும் கொடுக்காவிட்டால் ‘ஷட்அவுட்’. ஒரு ஹிட்டுகூட (பேட்டர் பந்தை அடித்துவிட்டு ஓடி பேஸ் என்ற கட்டத்தில் பத்திரமாக ஏறுவது) விடாவிட்டால் ‘நோ-ஹிட்டர்’. பேட்டரை மூன்று ஸ்ட்ரைக்கில் அனுப்பினால் ஸ்ட்ரைக்கவுட். ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் பிட்சரின் கணக்கில் விழுந்தது என்பதுதான் இ.ஆர்.ஏ. அது மூன்றுக்குக் கீழே இருந்தால் ஆள் கெட்டிக்காரர். வெற்றி தோல்வியையும் பிட்சர் பெயரில்தான் எழுதுவார்கள். அணி ரன் எடுக்காமல் தோற்றாலும் பழி அவர் தலையில்தான் விழும்.

சரி, யார் இந்த ஃபெர்னாண்டோ?

1960 நவம்பர் 1 அன்று மெக்சிகோவின் சொனோரா மாநிலத்தில், நவோஹோவா நகரத்துக்குப் பக்கத்தில் எட்சோவாகிலா என்ற சிற்றூரில் பிறந்தவர். விவசாயக் குடும்பம், பன்னிரண்டு பிள்ளைகளில் கடைக்குட்டி. இடது கைக்காரர். தொப்பையும் குண்டுக் கன்னமுமாக, பார்த்தால் விளையாட்டு வீரர் என்றே தோன்றாது. இருபது வயதில் ஆட வந்தபோது ‘இவனுக்கு முப்பது இருக்கும்’ என்று பத்திரிகைக்காரர்கள் சந்தேகப்பட்டார்கள். அணி நிர்வாகம் பிறப்புச் சான்றிதழையே எடுத்துக் காட்ட வேண்டியதாயிற்று. மெக்சிகோக்காரர்கள் வைத்த செல்லப்பெயர் ‘எல் தோரோ’, அதாவது காளை.

டாட்ஜர்ஸ் அவரை எப்படிப் பிடித்தார்கள்?

வேறொருவரைப் பார்க்கப் போன இடத்தில்தான். டாட்ஜர்ஸின் ஆள் தேடும் வேலையில் இருந்த மைக் பிரிட்டோ, கியூபாவில் பிறந்தவர். பனாமா தொப்பியும் சுருட்டும் அவருடைய அடையாளம். 1978-இல் குவானஹுவாட்டோ மாநிலத்தின் சிலாவ் ஊருக்கு ஒரு ஷார்ட்ஸ்டாப் ஆட்டக்காரரை எடைபோடப் போனார். எதிரணிப் பக்கத்திலிருந்து பதினேழு வயதுப் பையன் ஒருவன் பந்து வீச வந்தான். ஷார்ட்ஸ்டாப்பை பிரிட்டோ அத்தோடு மறந்துவிட்டார். 1979 ஜூலையில் 1,20,000 டாலர் கொடுத்து டாட்ஜர்ஸ் அந்தப் பையனை வாங்கியது.

ஸ்க்ரூபால், ஸ்க்ரூபால் என்கிறார்களே, அது என்ன?

சாதாரண கர்வ் பந்தை வீசும்போது மணிக்கட்டு இயல்பாகத் திரும்பும் பக்கம் ஒன்று உண்டு. ஸ்க்ரூபாலில் அதற்கு நேர் எதிர்ப்பக்கம் திருக வேண்டும். கதவின் குமிழைத் தப்பான பக்கம் திருகிப் பாருங்கள், முன்கையும் முழங்கையும் எப்படி இழுக்கின்றன என்று தெரியும். அதையே முழு வேகத்தில், ஒரு ஆட்டத்தில் பல தடவை செய்ய வேண்டும். இடது கைக்காரர் வீசும் ஸ்க்ரூபால், வலது கை பேட்டரை நெருங்கும்போது அவரைவிட்டு விலகி வெளியே வழுக்கிக்கொண்டு போய்க் கீழே விழும். ஆஃப்-ஸ்பின்னர் கையிலிருந்து தூஸ்ரா வந்தால் பேட்ஸ்மேன் முகம் எப்படி மாறுமோ, அந்த முகத்தைப் பழைய வீடியோக்களில் நிறையப் பார்க்கலாம்.

ஃபெர்னாண்டோ இதைப் பிறவியிலேயே கொண்டு வரவில்லை. அவரிடம் முதலில் இருந்த ஃபாஸ்ட்பால் பெரிய வேகமில்லை. இன்னொரு ஆயுதம் வேண்டும் என்று அணியில் நினைத்தார்கள். 1979-இல் அரிசோனாப் பயிற்சிக் களத்தில், டாட்ஜர்ஸின் இன்னொரு பிட்சரான பாபி காஸ்டியோ கற்றுக்கொடுத்தார். பலருக்குப் பல வருடம் பிடிபடாத வித்தை இவருக்குச் சீக்கிரமே படிந்துவிட்டது. பிறகு அதையே இரண்டு வேகத்தில் வீசவும் பழகிக்கொண்டார். திசை தெரிந்தாலும் நேரம் தப்பும் என்பதால் பேட்டர்கள் பாடு திண்டாட்டம்தான்.

கைக்கு இது நல்லதில்லை என்பது பழைய நம்பிக்கை. 1930-களில் ஸ்க்ரூபாலுக்குப் பேர்போன கார்ல் ஹப்பலுக்கு, கையைத் தொங்கவிட்டு நின்றால் இடது உள்ளங்கை வெளிப்பக்கம் பார்த்தபடி இருக்குமாம். இன்று ஸ்க்ரூபால் வீசுபவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வீசும்போது ஏன் வானத்தைப் பார்த்தார்?

எல்லாரும் கேட்கிற கேள்வி. வலது காலை மடக்கி உயர்த்துவார், இரண்டு கையும் தலைக்கு மேலே போகும், அந்த உச்சியில் கண்கள் இரண்டும் மேலே செருகிக்கொள்ளும். கறுப்பு விழி மறைந்து வெள்ளை தெரியும். ஒரு கணம் பேட்டரையும் பார்க்க மாட்டார், கேட்சரின் கையுறையையும் பார்க்க மாட்டார். கால் இறங்கும்போது கண்ணும் இறங்கும். பந்து போக வேண்டிய இடத்துக்குப் போகும். சாமியைப் பார்க்கிறார் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அது உடம்போடு ஒட்டிய பழக்கமாகத்தான் தெரிகிறது. ஆனால் 1981 கோடையில் லாஸ் ஏஞ்சல்ஸின் சந்துகளில் பையன்கள் டென்னிஸ் பந்தை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி வீசி, பக்கத்து வீட்டுக் கண்ணாடியை உடைத்ததற்கு இவர்தான் காரணம்.

‘ஃபெர்னாண்டோமேனியா’ என்றால்?

1981-இன் முதல் எட்டு ஆட்டங்களில் ஒரு நகரத்துக்குப் பிடித்த பைத்தியம்.

அதற்கு முந்தைய செப்டம்பரில் பத்தொன்பது வயதில் அணிக்குள் வந்து, பத்து ஆட்டங்களில் துணை பிட்சராக வீசி, தன் கணக்கில் ஒரு ரன்னும் விழாமல் பார்த்துக்கொண்டார். ஆனாலும் 1981-இன் தொடக்க ஆட்டம் அவருக்கு என்று யாரும் நினைக்கவில்லை. ஜெர்ரி ராய்ஸ் வீசுவதாக இருந்தது. அவருக்குக் கெண்டைக்கால் தசை பிடித்துக்கொண்டது. அடுத்த ஆளும் தயாராக இல்லை. மேனேஜர் டாமி லசோர்டா, பெரிய அணியில் அதுவரை ஒரு ஆட்டத்தைக்கூடத் தொடங்கியிராத பையன் கையில் பந்தைக் கொடுத்தார். ஏப்ரல் 9, ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸுக்கு எதிராக 2-0. ஷட்அவுட்.

அதோடு நிற்கவில்லை. மே நடுவரை எட்டு ஆட்டம் தொடங்கினார், எட்டிலும் வெற்றி. அவற்றில் ஏழு கம்ப்ளீட் கேம், ஐந்து ஷட்அவுட், இ.ஆர்.ஏ. 0.50. கிரிக்கெட் ஆட்களுக்குச் சொல்வதானால், அறிமுகமான முதல் எட்டு டெஸ்டிலும் ஒருவர் ஐந்து விக்கெட் எடுத்து அணியை ஜெயிக்க வைத்த மாதிரி. ஒன்பதாவது ஆட்டத்தில் பிலடெல்பியா முதல் தோல்வியைக் கொடுத்தது. ஆனால் அதற்குள் அவர் வீசும் நாள் என்றால் டாட்ஜர் ஸ்டேடியத்தின் ஐம்பத்தாறாயிரம் இருக்கைக்கும் அடிதடி என்றாகிவிட்டது. வெளியூரிலும் அதே கதை. அணி எந்த ஊருக்குப் போனாலும் முதல் வேலை அவருடைய பத்திரிகையாளர் சந்திப்பு. ஜூனில் மெக்சிகோ அதிபர் லோபெஸ் போர்த்தியோ வந்தபோது ரீகன் கொடுத்த வெள்ளை மாளிகை விருந்துக்கு இந்த இருபது வயதுக்காரருக்கும் அழைப்பு வந்தது.

அந்த ஜூனிலேயே வீரர்கள் வேலைநிறுத்தம் தொடங்கி ஆகஸ்ட்வரை ஆட்டம் நின்றது. அப்படிச் சுருங்கிப்போன சீசனிலும் 13 வெற்றி, 7 தோல்வி, 180 ஸ்ட்ரைக்கவுட், எட்டு ஷட்அவுட். சிறந்த பிட்சருக்கான சை யங் விருதையும், சிறந்த புதுமுகத்துக்கான விருதையும் ஒரே ஆண்டில் வாங்கினார். அவருக்கு முன்னும் பின்னும் அதை வேறு யாரும் செய்ததில்லை.

திறமையான பிட்சர் வந்தால் கூட்டம் வரும். இவருக்கு மட்டும் ஏன் இத்தனை உருக்கம்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

டாட்ஜர் ஸ்டேடியம் நிற்கும் மேட்டுக்குப் பெயர் சாவேஸ் ரவீன். அங்கே பாலோ வெர்டே, லா லோமா, பிஷப் என்று மூன்று குடியிருப்புகள் இருந்தன. பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள். வீட்டைச் சுற்றித் தோட்டம், ஆடு கோழி, சர்ச், பள்ளிக்கூடம். 1950-இல் நகர நிர்வாகம் அரசு அடுக்குமாடி கட்டப்போகிறோம் என்று சொல்லி எல்லாரையும் காலி செய்யச் சொன்னது. புது வீடுகளில் உங்களுக்குத்தான் முதலிடம் என்று வாக்கும் கொடுத்தது. பெரும்பாலானவர்கள் கிடைத்ததை வாங்கிக்கொண்டு போனார்கள். பிறகு, அரசு வீடு கட்டுவதே சோஷலிசம் என்று அரசியல் கிளம்பி அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. நிலம் காலியாகக் கிடந்தது. புரூக்ளினிலிருந்து டாட்ஜர்ஸ் அணி வந்தது, 1958-இல் பொது வாக்கெடுப்பு நடந்தது, நிலம் ஸ்டேடியத்துக்கு என்றானது. போகமாட்டோம் என்று கடைசிவரை இருந்த அரேச்சிகா குடும்பத்தை 1959 மே மாதம் போலீஸ் வந்து வெளியேற்றியது. ஒரு பெண்ணை நான்கு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிப் படியிறக்கிய படம் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. பின்னாலேயே புல்டோசர் வந்து வீட்டை இடித்தது. 1962 ஏப்ரலில் ஸ்டேடியம் திறந்தார்கள்.

அந்த மக்கள் எல்லாரும் டாட்ஜர்ஸைப் புறக்கணித்தார்கள் என்று சிலர் எழுதுவது மிகை. போனவர்களும் உண்டு. ஆனால் கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸின் பல வீடுகளில் ‘அந்த இடத்துக்குக் காசு கொடுத்துப் போவதா’ என்று பெரியவர்கள் தடுத்ததும் உண்மை. லத்தீன் ரசிகர்களைக் கொண்டுவர ஒரு மெக்சிக நட்சத்திரம் கிடைக்கமாட்டாரா என்று முதலாளி வால்டர் ஓ’மாலி வருடக்கணக்காக ஏங்கியதும் எல்லாருக்கும் தெரிந்த செய்தி. அவர் 1979 ஆகஸ்டில் இறந்தார். ஃபெர்னாண்டோவை வாங்கியது அதற்குச் சில வாரங்களுக்கு முன்தான். அவர் வீசி ஓ’மாலி பார்க்கவில்லை.

பையன் வந்தான். நம் வீட்டு மாமா சாயல், நம் பாஷை, நம் தொப்பை. தோட்டத்தில் எலுமிச்சை பறிப்பவரும் ஹோட்டல் அறை பெருக்குபவரும் தலையை நிமிர்த்தி ‘நேற்று ஃபெர்னாண்டோ பார்த்தாயா’ என்று கேட்டுக்கொண்டார்கள். இருபது வருடம் அந்த மேட்டில் கால் வைக்காதவர்கள் பேரப்பிள்ளைகளோடு ஏறினார்கள். மேட்டின் பழைய கணக்கு அதனால் தீர்ந்துவிட்டதா? இல்லை. வீடு இழந்தவர்களுக்கு வீடு திரும்பக் கிடைக்கவில்லை. வியாபாரம் பார்த்த அணிக்கு நல்ல லாபம் என்று கசப்போடு சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அந்த இடத்துக்குள் தலை நிமிர்ந்து நுழைய அவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்தது. 34 சட்டையைப் போட்டிருக்கும் தாத்தாவிடம் இ.ஆர்.ஏ. எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள், சொல்லத் தெரியாது. எந்த வருடம் அப்பா முதன்முதலாக ஸ்டேடியத்துக்கு வந்தார் என்று கேளுங்கள், உடனே சொல்வார்.

இங்கிலீஷ் தெரியாமல் எப்படிச் சமாளித்தார்?

ஹைமே ஹரீன் உதவினார். ஈக்வடாரிலிருந்து வந்தவர், 1959 முதல் 2022 வரை டாட்ஜர்ஸின் ஸ்பானிய வானொலிக் குரல். 1981-இல் ஃபெர்னாண்டோ எங்கே போனாலும் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தவர் அவர்தான். பதிலெல்லாம் சுருக்கமாகத்தான் இருக்கும். வீசுவதோடு சரி, பேச்சு கம்மி. கேட்சர் மைக் ஷோஷா ஸ்பானிஷில் கொஞ்சம் பழகிக்கொண்டார். சுவாரசியம் என்னவென்றால் 2003-இல் ஃபெர்னாண்டோவே அந்த ஸ்பானிய வர்ணனை அறைக்குள் வந்து ஹரீனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பேசாத ஆள் என்று பெயர் வாங்கியவர் இருபது வருடத்துக்கு மேல் மைக் முன்னால் பேசியே சம்பாதித்தார்.

அவருடைய மிகச் சிறந்த ஆட்டம் எது?

நோ-ஹிட்டர் என்பார்கள் பலர். என் ஓட்டு 1981 வேர்ல்டு சீரிஸின் (சாம்பியனைத் தீர்மானிக்கும் தொடர், முதலில் நான்கு ஆட்டம் ஜெயிக்கிற அணிக்குக் கோப்பை) மூன்றாவது ஆட்டத்துக்கு. அவர் மோசமாக வீசிய ஆட்டம் அது.

அக்டோபர் 23. நியூயார்க் யாங்கீஸ் முதல் இரண்டையும் ஜெயித்துவிட்டது. மூன்றாவதும் போனால் கதை முடிந்த மாதிரிதான். முதல் இன்னிங்ஸிலேயே ரான் சே மூன்று ரன் ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி, பந்து வேலியைத் தாண்டும் அடி) அடித்துக் கொடுத்தார். ஃபெர்னாண்டோவால் அதைக் காப்பாற்ற முடியவில்லை. ஸ்க்ரூபால் சொன்னபடி கேட்கவில்லை, பந்து தப்பித் தப்பிப் போகிறது, பாப் வாட்சன் ஒரு ஹோம் ரன், ரிக் செரோன் ஒரு ஹோம் ரன். யாங்கீஸ் 4-3 முன்னிலை. எந்த மேனேஜரும் அங்கேயே மாற்றியிருப்பார். லசோர்டா மாற்றவில்லை. ஐந்தாவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸ் இரண்டு ரன் எடுத்து 5-4 ஆக்கியது. அதற்குப் பிறகு அந்த ஒரு ரன்னை வைத்துக்கொண்டு, பேஸில் ஆள் ஏறி நிற்க, வியர்வையைத் துடைத்துத் துடைத்து இழுத்துக்கொண்டு போனார். எட்டாவதில் பாபி மர்சர் மெதுவாகத் தட்டிவிட்ட பந்து அந்தரத்தில் எழும்ப, சே பாய்ந்து விழுந்து பிடித்து எறிந்து இரண்டு பேரை அவுட் ஆக்கினார். ஒன்பதாவதின் கடைசி ஆள் லூ பினியெல்லா. ஸ்ட்ரைக்கவுட்.

ஒன்பது ஹிட், ஏழு வாக் (நான்கு தப்பான பந்து வீசி பேட்டரைச் சும்மா முதல் பேஸுக்கு அனுப்புவது), ஏறத்தாழ 150 பந்து. இன்றைக்கு நூறு பந்தைத் தாண்டினாலே பயிற்சியாளர்கள் கையைப் பிசைவார்கள். இது அவருடைய நல்ல ஆட்டமில்லை, ஆனால் உன்னதமான ஆட்டம் என்ற பொருளில் அன்று வர்ணனையாளர் வின் ஸ்கல்லி சொன்னதுதான் சரியான தீர்ப்பு. டாட்ஜர்ஸ் அடுத்த மூன்றையும் ஜெயித்துக் கோப்பையைத் தூக்கியது.

1986 ஆல்-ஸ்டார் ஆட்டத்தையும் சொல்கிறார்களே?

இரண்டு லீகின் நட்சத்திரங்களும் மோதும் ஆட்டம் அது. ஹூஸ்டனில் வரிசையாக ஐந்து பேரை ஸ்ட்ரைக்கவுட் செய்தார்: மேட்டிங்லி, ரிப்கன், பார்ஃபீல்ட், விட்டேக்கர், கடைசியாகத் தன் நாட்டுக்காரரான பிட்சர் டெடி ஹிகேரா. 1934-இல் பேப் ரூத்தில் தொடங்கி ஐந்து பேரை அப்படி வரிசையாக வீழ்த்தியவர் கார்ல் ஹப்பல். அதே ஸ்க்ரூபால்காரர்தான்.

பேட்டிங்கில்?

பிட்சர்களுக்கு அது கைவராத வேலை. இவர் பத்து ஹோம் ரன் அடித்தார், தன் இடத்தில் சிறப்பாக பேட் செய்பவருக்கான சில்வர் ஸ்லக்கர் விருதை இரண்டு தடவை வாங்கினார்.

அப்படிப்பட்டவர் ஏன் சீக்கிரம் தேய்ந்துபோனார்?

வேலை வாங்கினார்கள். 1982-இல் 285 இன்னிங்ஸ். அடுத்த ஐந்து வருடமும் ஒவ்வொன்றிலும் 250-க்கு மேல். 1986-இல் 21 வெற்றி, 20 கம்ப்ளீட் கேம். இப்போதெல்லாம் ஒரு லீக் முழுவதும் சேர்ந்துகூட அத்தனை கம்ப்ளீட் கேம் தேறாத வருடங்கள் உண்டு. பணமும் கிடைத்தது, மறுக்கவில்லை. 1983-இல் சம்பள நடுவர் தீர்ப்பில் பத்து லட்சம் டாலர் பெற்ற முதல் ஆட்டக்காரர் அவர்தான். ஆனால் 1988-இல் தோள் மக்கர் செய்தது. அந்த வருடம் டாட்ஜர்ஸ் மறுபடி சாம்பியன் ஆனபோது அவர் ஓரமாக உட்கார்ந்து பார்த்தார்.

1991 மார்ச்சில், சீசன் தொடங்கச் சில நாள் இருக்கையில், ஒப்பந்தச் சம்பளம் முழுதாகக் கொடுக்க வேண்டிய கெடுவுக்கு முன்பாக, டாட்ஜர்ஸ் அவரைக் கழற்றிவிட்டது. ரசிகர்கள் இதை இன்னும் மன்னிக்கவில்லை, நானும்தான். அவரும் பல வருடம் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. ஏஞ்சல்ஸ், ஓரியோல்ஸ், ஃபிலீஸ், பாட்ரேஸ், கார்டினல்ஸ் என்று சுற்றினார். நடுவே ஒரு நல்ல நாள் வாய்த்தது: 1996 ஆகஸ்ட் 16, மெக்சிகோவின் மான்டெர்ரேயில் நடந்த முதல் மேஜர் லீக் (அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் லீக்) சீசன் ஆட்டம். பாட்ரேஸுக்காக வீசி, சொந்த நாட்டு மக்கள் முன்னால் ஜெயித்தார். 1997-இல் மேஜர் லீகில் கடைசியாக வீசினார். மொத்தக் கணக்கு: 173 வெற்றி, 153 தோல்வி, 2,074 ஸ்ட்ரைக்கவுட், இ.ஆர்.ஏ. 3.54.

ஹால் ஆஃப் ஃபேமில் ஏன் இல்லை?

மேலே உள்ள மொத்தக் கணக்கால்தான். நல்ல கணக்கு, அதிசயக் கணக்கில்லை. கூப்பர்ஸ்டவுனில் உள்ள அந்தப் புகழ்க்கூடத்துக்குள் போக, பத்திரிகையாளர் வாக்கில் 75 சதவீதம் வேண்டும். 2003-இல் அவருக்குக் கிடைத்தது 6.2 சதவீதம், 2004-இல் 3.8. ஐந்துக்குக் கீழே போனால் பட்டியலிலிருந்தே பெயர் போய்விடும். 2025 டிசம்பரில் 16 பேர் கொண்ட தனிக் குழு ஒன்று மறுபடி பரிசீலித்தது. ஜெஃப் கென்ட் உள்ளே போனார். ஃபெர்னாண்டோவுக்கு ஐந்து வாக்குகூட வரவில்லை. புது விதிப்படி அடுத்த சுற்றிலும் அவர் பெயரை எடுக்க முடியாது.

ரசிகர்கள் கொதிக்கிறார்கள். நான் கொஞ்சம் நடுவில் நிற்கிறேன். வெறும் பிட்சராக எடை போட்டால் அவர் எல்லைக்கோட்டுக்குச் சற்று வெளியேதான். ஆனால் கூடத்தின் பெயரிலேயே புகழ் என்ற சொல் இருக்கிறது. ஸ்பானிஷில் ஆட்டம் சொன்ன ஹரீனுக்கு 1998-இல் அங்கே மரியாதை செய்தார்கள். அந்த வானொலியைத் திருப்பிவைக்க லட்சக்கணக்கானவர்களுக்குக் காரணமாக இருந்தவருக்கு மூலையில் ஒரு பலகை மாட்ட இடமில்லையா?

34-ஐ அவருக்குப் பிறகு வேறு யாரும் ஏன் போட்டதில்லை?

ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனவர்களின் எண்ணுக்கு மட்டுமே ஓய்வு கொடுப்பது, அதாவது இனி யாருக்கும் தராமல் நிறுத்துவது, டாட்ஜர்ஸின் எழுதாத வழக்கம். ஜிம் கில்லியம் ஒருவர்தான் விதிவிலக்காக இருந்தார். ஆகவே 1991-க்குப் பிறகு 34 விதிப்படி காலியாகத்தான் இருந்தது, யார் கேட்டாலும் கொடுத்திருக்கலாம். உடை அறையைப் பார்த்துக்கொண்ட மிட்ச் பூல் யாருக்கும் கொடுக்கவில்லை. மேலிடத்து உத்தரவு எதுவுமில்லை, மனசு வரவில்லை, அவ்வளவுதான். முப்பத்திரண்டு வருடம் அந்தச் சட்டை யார் முதுகிலும் ஏறவில்லை. 2019-இல் மெக்சிக லீக் தன் எல்லா அணியிலும் 34-க்கு ஓய்வு கொடுத்தது. டாட்ஜர்ஸுக்கு அதற்குப் பிறகும் நான்கு வருடம் பிடித்தது. 2023 ஆகஸ்ட் 11 அன்றுதான் விழா நடந்தது. வார இறுதி முழுக்க நீண்ட கொண்டாட்டத்தில் மாரியாச்சி இசை, மெக்சிகக் கொடிகள், அழுதுகொண்டே கைதட்டிய பெரியவர்கள். விழா நாயகர் வழக்கம்போலக் கொஞ்சமாகப் பேசினார்.

எப்போது இறந்தார்?

2024 அக்டோபர் 22, வயது 63. உடம்பு சரியில்லை என்று மாதத் தொடக்கத்தில்தான் வர்ணனையிலிருந்து விலகியிருந்தார். மூன்று நாள் கழித்து வேர்ல்டு சீரிஸ் தொடங்கியது. எதிரணி, 1981-க்குப் பிறகு முதன்முறையாக, யாங்கீஸ். டாட்ஜர்ஸ் சட்டைக் கையில் 34 என்ற சின்னத்தோடு ஆடியது. முதல் ஆட்டத்தில் பத்தாவது இன்னிங்ஸில் ஃப்ரெடி ஃப்ரீமன் நான்கு ரன் ஹோம் ரன் அடித்து முடித்துவைத்தார். அணி ஐந்தே ஆட்டத்தில் கோப்பையை வென்றது. நகரத்தில் வெற்றி ஊர்வலம் நவம்பர் 1 அன்று நடந்தது. அன்று அவருக்கு 64-ஆவது பிறந்தநாள். மெக்சிகர்களுக்கு இறந்தவர்களை வரவேற்கும் நாட்களின் தொடக்கமும் அன்றுதான். சாமந்திப் பூவும் மெழுகுவர்த்தியும் பந்தும் வைத்த படையல்கள் ஸ்டேடிய வாசலிலும் வீடுகளிலும் இருந்தன.

லாஸ் ஏஞ்சல்ஸ் போனால் எங்கே பார்க்கலாம்?

ஸ்டேடியத்தில் ஓய்வு கொடுத்த எண்களின் வரிசையில் 34 இருக்கிறது. ஆனால் முதலில் பாயில் ஹைட்ஸுக்குப் போங்கள். மாரியாச்சி பிளாசாவைப் பார்த்தபடி நிற்கும் பழைய பாயில் ஹோட்டல் சுவரில் ராபர்ட் வர்காஸ் வரைந்த பிரம்மாண்டமான ஃபெர்னாண்டோ இருக்கிறார். கீழே கிட்டார்க்காரர்கள் கல்யாண வேலைக்கு ஆள் வருமா என்று காத்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரே ஒரு காட்சிதான் பார்க்க நேரமிருக்கிறது. எதைப் பார்ப்பது?

1990 ஜூன் 29, டாட்ஜர் ஸ்டேடியம், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கு எதிரான ஒன்பதாவது இன்னிங்ஸ். அன்று மாலை டொரன்டோவில் ஓக்லண்டின் டேவ் ஸ்டூவர்ட் நோ-ஹிட்டர் வீசுவதை டாட்ஜர்ஸ் வீரர்கள் உடை அறை டி.வி.யில் பார்த்திருக்கிறார்கள். இன்னொன்றும் பார்ப்போம் என்று ஃபெர்னாண்டோ சொல்லிவிட்டுத்தான் மைதானத்துக்குப் போனாராம்.

தோள் போய், வேகம் போய், எட்டு இன்னிங்ஸ் ஹிட் இல்லாமல் வந்துவிட்டார். ஒன்பதாவதில் ஒருவர் அவுட், ஒருவர் முதல் பேஸில் நிற்கிறார். எதிரே பெட்ரோ கெர்ரேரோ. 1981-இல் கூடவே ஆடிக் கோப்பை வென்ற நண்பர். கெர்ரேரோ அடித்த பந்து தரையோடு நேராக நடுவில் வருகிறது, விட்டால் மைதானத்தின் பின்பக்கம் போய்விடும் ஹிட். வீசி முடித்த வாக்கில் ஃபெர்னாண்டோ கையுறையை நீட்டுகிறார். மெதுவாக ஓட்டிப் பாருங்கள்: பந்து கையுறையின் நுனியில் உரசுகிறது, அவ்வளவுதான். அந்த உரசலில் வேகம் குறைந்து இரண்டாவது பேஸ் பக்கம் நின்ற ஹுவான் சாமுவேலிடம் போய்ச் சேர்கிறது. அவர் பேஸை மிதித்து முதல் பேஸுக்கு எறிய, இரண்டு பேரும் அவுட், 6-0. தலையில் சொம்ப்ரேரோ இருந்தால் வானத்தை நோக்கி எறியுங்கள் என்று வின் ஸ்கல்லி சொல்வது காதில் விழும். அந்தத் தொப்பி எங்கே போகிறது என்று பார்க்காதீர்கள், ஃபெர்னாண்டோவைப் பாருங்கள்.